பள்ளிக்கூடத்தை விடுமுன் ஒரு படம்!

கண்ணாடியின் முன்னால் மகள் நிற்கிறாள். அரை மணி நேரம் ஆகிவிட்டது. கட்டிலின் மேல் 7 சட்டைகள் கிடக்கின்றன. ஒன்றும் பிடிக்கவில்லை. போதாக்குறைக்கு, ராத்திரியோடு ராத்திரியாக மூக்கின் மேல் ஒரு பரு கிளம்பிவிட்டது! வாசலில் தகப்பனார் காரில் உட்கார்ந்து ஹாரன் அடிக்கிறார்.

பெண் பார்க்க ஆட்கள் வருகிறார்களோ என்று எண்ணிவிடாதீர்கள். இது அமெரிக்கா. அந்தப் பெண்ணுக்கு வயது 17. பள்ளிக்கூடத்துப் போட்டோவுக்குப் புறப்படுகிறாள்.

அந்த நாட்டில் 12-ம் வகுப்போடு பள்ளிப் படிப்பு முடிகிறது. அந்தக் கடைசி வகுப்பு மாணவர்களுக்கு "சீனியர்" என்று பெயர். ஒவ்வொரு சீனியரையும் தனித்தனியாகப் படம் பிடித்து, பெயருடன் பள்ளியின் ஆண்டு மலரில் அச்சிடுவார்கள். மலர் அச்சுக்குப் போக வேண்டுமே! அதனால் பெரும்பாலும் கோடை விடுமுறையிலேயே, அதாவது கடைசி வகுப்பு தொடங்குவதற்கு முன்பே, படம் பிடித்து விடுகிறார்கள்.

மேலே கோட்டு, கீழே அரை டவுசர்

மலரில் வருவது மார்பளவுப் படம். எல்லாரும் ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்று பல பள்ளிகளில் உடையை ஸ்டூடியோக்காரரே கொடுப்பார். பையன்களுக்கு டக்சிடோ என்ற கறுப்புக் கோட்டும், கழுத்தில் வண்ணத்துப்பூச்சி போல ஒரு டையும். பெண்களுக்குத் தோளைச் சுற்றிப் போர்த்தும் கறுப்புத் துணி. முன்னால் பார்த்தால் விருந்துக்குப் போகும் சீமாட்டி போல இருக்கும். முதுகுப் பக்கம் வெறும் ஒட்டுப் பட்டைதான்! இடுப்புக்குக் கீழே அரை டவுசரும் ரப்பர் செருப்பும் போட்டுக்கொண்டு, மேலே கனவான் போல் உட்கார்ந்திருக்கும் பையன்கள் உண்டு.

இந்த உடை வெறும் வேடிக்கை அல்ல. இதற்காகக் கோர்ட்டுக்குப் போனவர்களும் இருக்கிறார்கள். மிசிசிப்பி மாநிலத்தில் ஒரு மாணவி, பெண்களுக்குரிய துணியைப் போர்த்த மாட்டேன் என்று சொல்லி, டக்சிடோ அணிந்து படம் பிடித்துக்கொண்டாள். பள்ளிக்கூடம் ஒப்புக்கொள்ளவில்லை. 2010-ம் ஆண்டு மலர் வந்தது. சீனியர் பக்கங்களில் அவள் படமும் இல்லை, பெயரும் இல்லை. அந்தப் பக்கங்களைப் புரட்டிய ஒரு தாயின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்! வழக்கு நடந்தது. 2011-ல் சமரசம் ஏற்பட்டது. இனி ஆண், பெண் எல்லாரும் பட்டமளிப்பு அங்கியும் தொப்பியும் அணிந்தே படம் பிடித்துக்கொள்வது என்று பள்ளி நிர்வாகம் ஏற்றுக்கொண்டது.

யார் விருப்பம்?

மலர்ப் படம் போக, வீட்டுக்கென்று வேறு படங்களும் பிடிக்கிறார்கள். செலவு இங்கேதான். சில நூறு டாலர் சாதாரணமாகப் போய்விடும். எத்தனை பிரதிகள், என்ன அளவு, அதற்கு என்ன விலை என்று முதலிலேயே பேசி முடித்துக்கொள்கிற பெற்றோர் பிழைத்தார்கள்.

சண்டையும் இங்கேதான். அம்மாவுக்கு, மாதா கோயிலுக்குப் போகும் நீல கவுன் பிடிக்கும். மகளுக்கு, முழங்காலில் கிழிந்த ஜீன்ஸ் பிடிக்கும். அனுபவமுள்ள போட்டோகிராபர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: அம்மாவுக்கு ஓர் உடை, மகளுக்கு ஓர் உடை, இரண்டிலும் படம்! கால்பந்து ஆடுகிறவன் பந்தோடு நிற்கலாம். வயலின் வாசிக்கிறவள் வயலினோடு நிற்கலாம். நாயைக் கூட்டி வருகிறவர்களும் உண்டு. மார்பில் பெரிய எழுத்துள்ள பனியன் மட்டும் வேண்டாம். பார்க்கிறவர் கண் முகத்துக்குப் போகாமல் எழுத்துக்குப் போய்விடும்.

முடி வெட்டுவதை முதல் நாள் வைத்துக்கொள்ளக் கூடாது. ஒரு வாரம், பத்து நாள் முன்னதாக வெட்டினால்தான் முடி படியும். மூக்குக் கண்ணாடி போடுகிறவர்கள் தலையைச் சற்றே தாழ்த்தினால் விளக்கு வெளிச்சம் அதில் அடிக்காது. கண்ணாடி இல்லாத வெறும் பிரேமைக் கொண்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள். வெளியில் பிடிப்பதென்றால் உச்சி வெயில் ஆகாது. கண்ணுக்குக் கீழே நிழல் விழுந்து, பிள்ளை நோயாளி போல் தெரியும். சூரியன் அடைவதற்கு முந்திய ஒரு மணி நேரம்தான் நல்லது. கோடையில் அங்கே பல ஊர்களில் இரவு 8 மணி சுமாருக்குத்தான் பொழுது சாய்கிறது. ஆகவே சாப்பாடு கொடுத்து அழைத்துப் போவது உத்தமம். பசியோடு சிரிப்பது கஷ்டம்!

சிரிப்பு என்றதும் ஒரு செய்தி நினைவுக்கு வருகிறது. அமெரிக்கப் பள்ளி மலர்களில் 1905 முதல் 2013 வரை வெளிவந்த 37,921 படங்களைக் கலிபோர்னியா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் சேர்த்துப் பார்த்து, 2015-ல் முடிவை வெளியிட்டார்கள். ஆரம்ப காலத்தில் உதட்டை இறுக மூடியிருந்தவர்கள், வருஷம் ஆக ஆக அதிகமாகச் சிரித்திருக்கிறார்கள். எந்தக் காலத்திலும் ஆண்களைவிடப் பெண்களே அதிகம் சிரித்திருக்கிறார்கள்.

ஆனால் "சிரி, சிரி" என்று பின்னால் நின்று அம்மா கத்தினால் சிரிப்பு வருமா? பல்லுக்குக் கம்பி கட்டியிருக்கிற பிள்ளை வாயைத் திறக்கவே வெட்கப்படும். பெற்றோர் கொஞ்சம் தள்ளிப்போய் நிற்பது நல்லது. தலைமுடி கலைந்தால் சொல்வதற்கு ஒருவர் இருந்தால் போதும்.

பருவைப் பற்றிக் கவலை வேண்டாம். கம்ப்யூட்டரில் டச்சப் செய்து எடுத்து விடுவார்கள். ஆனால் பிறவி மச்சத்தையும் சேர்த்து எடுத்து விடப் போகிறார்கள்! கன்னத்து மச்சம் இல்லாத படத்தைப் பாட்டியிடம் காட்டினால், "இது யார் வீட்டுப் பெண்?" என்று கேட்பாள். எதை எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

படம் வந்ததும் சின்னப் பிரதிகள் சிநேகிதர்களுக்குப் போகும். பின்புறம் இரண்டு வரி எழுதிக் கொடுப்பார்கள். பெரிய படம் வீட்டுச் சுவரில் ஏறும். சில பெற்றோர் பணம் கட்டி, பிள்ளையின் குழந்தைப் பருவப் படத்தையும் மலரின் கடைசிப் பக்கங்களில் வாழ்த்தோடு போடச் செய்கிறார்கள்.

அடுத்த ஆகஸ்டு மாதம், காரில் பெட்டியும் தலையணையும் ஏற்றிக்கொண்டு மகள் வெளியூர்க் கல்லூரிக்குப் போய்விடுவாள். வீட்டில் அவள் அறை காலியாகக் கிடக்கும். சுவரில் படம் சிரித்துக்கொண்டிருக்கும். மூக்கில் பரு இருந்த இடம் எதுவென்று அம்மாவுக்கு மட்டும் தெரியும்.