ஊர் கொடுத்த பாய்

பினாங்கின் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் நகைக்கடைகளையும் பணம் மாற்றும் கடைகளையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். அஞ்சடி நடைபாதையிலிருந்து இறங்கி, அண்ணாந்து மாடி ஜன்னல்களைப் பாருங்கள். கொடிக்கயிற்றில் கைலி, துண்டு, சாப்பாட்டுக்கடைச் சீருடை. அங்கே ஊரிலிருந்து பிழைக்க வந்த சபராளிகள் தங்கியிருக்கிறார்கள்.

நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிய காலத்தில், பினாங்கில் இறங்கியவனைக் கேட்பது ஒரே கேள்விதான்: "எந்த ஊரு, தம்பி?" பதிலை வைத்து, அவன் ஊர்க்காரர்கள் தங்கும் கிட்டங்கிக்கு அழைத்துப் போவார்கள். பினாங்கு ஸ்திரீட்டில் செட்டியார்களின் கிட்டங்கி ஒரே நீளக் கூடம். சுவரோரம் வரிசையாகக் கணக்குப் பெட்டிகள். ஒவ்வொரு பெட்டியும் ஒரு கடை. பகலெல்லாம் பெட்டிக்குப் பின்னால் சம்மணமிட்டு வட்டிக் கணக்கு. இரவானால் அதே இடத்தில் பாய். சமையல் எல்லோருக்கும் பொது. துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்களுக்கும் ஊர்வாரியாகக் கிட்டங்கிகள் இருந்தன. வசதி என்று எதுவும் இல்லை. ஆனாலும் வேலை போன மாதத்திலும் பாய் போகவில்லை, காய்ச்சலில் கிடந்தால் கஞ்சி வந்தது.

அந்தக் கூரைகள் எங்கே போயின? 1948-க்கு முந்தைய கட்டடங்களின் வாடகையை ஏறவிடாமல் வைத்திருந்த 1966-ஆம் ஆண்டுச் சட்டம் 1999 முடிவோடு போனது. வாடகை ஏறியது, குடியிருந்தவர்கள் வெளியேறினார்கள். 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் பினாங்கின் ஜார்ஜ் டவுன் சேர்ந்த பிறகு, பழைய வீடுகள் பல ஹோட்டல்களாயின.

இன்று தொழிலாளர் தங்குமிடத்துக்குச் சட்டம் இருக்கிறது. முதலில் தோட்டத்துக்கும் சுரங்கத்துக்கும் இருந்த 446-ஆம் எண் சட்டம், 2020 ஜூன் முதல் எல்லாத் துறைக்கும் வந்துவிட்டது. கடை வீட்டு மாடி என்றால் ஆளுக்கு 3.6 சதுர மீட்டர். கட்டில், மெத்தை, பூட்டு போட்ட அலமாரி. நல்ல சட்டம்தான். ஆனால் கட்டிலைத் தருவது முதலாளி. சம்பளம் வரவில்லை என்று வாய் திறந்தால், வேலையோடு படுக்கையும் போகும். இந்தப் பயம்தான் மாடியில் பலரின் வாயைக் கட்டிப்போட்டிருக்கிறது.

வேறு கூரைக்கு இடம் இல்லாமலில்லை. 1801-இல் காதர் முகைதீன் எழுப்பிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலுக்குக் கிழக்கிந்தியக் கும்பினி கொடுத்தது 18 ஏக்கர். வக்ஃபுக்கும் கோயில்களுக்கும் இந்த வட்டாரத்தில் இன்றும் கட்டடங்கள் உண்டு. அவற்றில் ஒரு மாடியை, முதலாளி கையில் சாவி இல்லாத ஒரு மாடியை, வேலை இழந்தவனுக்காகத் திறந்து வைக்கலாம்.

ஜும்மா முடிந்து செருப்பைத் தேடும் கூட்டத்தில் இப்போதும் அந்தப் பழைய கேள்வி காதில் விழுகிறது. ஊர்ப் பெயரைக் கேட்டதும் முகம் மலர்கிறது. போன் நம்பர் கைமாறுகிறது. கொடுக்கத்தான் பாய் இல்லை.