வருமான வரித் தன்னார்வ உதவித் திட்டம்

வருமான வரித் தன்னார்வ உதவித் திட்டம் என்பது, அமெரிக்க ஐக்கிய நாடுகளில் குறைந்த வருமானம் உடையோர், மாற்றுத்திறனாளிகள், ஆங்கிலம் அதிகம் தெரியாதோர் ஆகியோரின் ஆண்டு வருமான வரிக் கணக்கைக் கட்டணமின்றித் தயாரித்து, தாக்கல் செய்து கொடுக்கும் திட்டமாகும். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு இது வீட்டா என அழைக்கப்படுகிறது. பயிற்சியையும் மென்பொருளையும் அந்நாட்டின் கூட்டரசு வரித்துறையான ஐ.ஆர்.எஸ். வழங்குகிறது. கணக்கைத் தயாரிப்பவர்கள் தன்னார்வலர்கள். அவர்களுள் பலர் கணக்கியல் பயிலும் கல்லூரி மாணவர்கள். 60 வயதைக் கடந்தோருக்காக, முதியோர் வரி ஆலோசனை என்னும் இணைத் திட்டமும் உள்ளது.

தேவை

வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாதவர் ஏன் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும் என்ற ஐயம் எழலாம். அமெரிக்காவில் ஏழைக் குடும்பங்களுக்கான அரசு உதவியின் ஒரு பெரும் பகுதி வரிக் கணக்கின் வழியாகவே தரப்படுகிறது. 1975-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த உழைப்பு வருமான வரி வரவு இவற்றுள் முதன்மையானது. வரி வரவு என்பது செலுத்த வேண்டிய வரியிலிருந்து நேரடியாகக் கழிக்கப்படும் தொகை. இந்த வரவில், வரியே இல்லாவிட்டாலும் உரிய தொகை பணமாகக் கையில் கிடைக்கும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். இரண்டு சிறு குழந்தைகளைத் தனியாக வளர்க்கும் ஒரு தாய், 2024-இல் கூலியாக 20,000 டாலர் ஈட்டினார் எனக் கொள்வோம். அவர் குடும்பத் தலைவராகக் கணக்குக் காட்டினால் கழிக்கத்தக்க நிலையான தொகை 21,900 டாலர். ஆகவே அவருக்கு வரி இல்லை. சம்பளத்தில் முன்கூட்டியே பிடித்த வரி 400 டாலர் என்றால் அது முழுவதும் திரும்பி வரும். அத்துடன் உழைப்பு வருமான வரி வரவாக 6,960 டாலரும், குழந்தைகளுக்கான கூடுதல் வரவாக 2,625 டாலரும் சேரும். மொத்தம் 9,985 டாலர். இது அவருடைய ஓராண்டுக் கூலியில் ஏறக்குறையப் பாதி.

கணக்குத் தாக்கல் செய்யாவிட்டால் இத்தொகை வராது. மூன்று ஆண்டுகளுக்குள் கோராவிட்டால் உரிமையும் போய்விடும். உழைப்பு வருமான வரி வரவுக்குத் தகுதியுடையோரில் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் அதைப் பெறுவதில்லை என்பது ஐ.ஆர்.எஸ். மதிப்பீடு. கட்டணம் வாங்கும் தயாரிப்பாளரிடம் சென்றாலோ, வரவேண்டிய தொகையில் ஒரு பங்கு கட்டணமாகக் கழிந்துவிடும்.

முதியோரின் சிக்கல் வேறு வகையானது. அவர்கள் பெறும் சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம் சில வேளைகளில் வரிக்கு உட்படும், சில வேளைகளில் உட்படாது. தனி நபருக்கு, அந்த ஓய்வூதியத்தில் பாதியும் பிற வருமானமும் சேர்ந்து 25,000 டாலரைத் தாண்டினால் ஓய்வூதியத்தின் ஒரு பகுதிக்கு வரி உண்டு. கணவன் மனைவி சேர்ந்து தாக்கல் செய்தால் இந்த வரம்பு 32,000 டாலர்.

வரலாறு

1969-ஆம் ஆண்டின் வரிச் சீர்திருத்தச் சட்டத்திற்குப் பின், வரி செலுத்துவோருக்கு விதிகளை விளக்குவதில் அரசு கூடுதல் கவனம் செலுத்தியது. அக்காலத்தில்தான் இத்திட்டம் உருவானது. நார்த்ரிட்ஜிலுள்ள கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1971-இல் கேரி இஸ்கோவிட்ஸ் தொடங்கிய பணி இதன் முன்னோடியாகக் குறிப்பிடப்படுகிறது. முதியோர் வரி ஆலோசனைக்கு 1978-ஆம் ஆண்டின் வருவாய்ச் சட்டம் வழி செய்தது. இத்திட்டத்தை நடத்தும் அமைப்புகளுக்கான மானியத்தை 2019-இல் நிறைவேறிய சட்டம் நிலையானதாக்கியது.

செயல்படும் முறை

சனவரி இறுதி முதல் ஏப்ரல் 15 வரையிலான வரிப் பருவத்தில் கல்லூரிகள், நூலகங்கள், சமூகக் கூடங்கள் போன்ற இடங்களில் உதவி மையங்கள் இயங்குகின்றன. வருபவர் புகைப்பட அடையாள அட்டை, சமூகப் பாதுகாப்பு எண் அட்டை, முதலாளி தந்த டபிள்யூ-2 படிவம் முதலியவற்றைக் கொண்டுவர வேண்டும். பணி மூன்று கட்டங்களாக நடக்கிறது.

1. நேர்காணல்: வருபவர் 13614-சி என்னும் வினாத்தாளை நிரப்புவார். தன்னார்வலர் ஒவ்வொரு விடையையும் கேட்டு உறுதி செய்வார். குழந்தை ஆண்டில் எத்தனை மாதம் யாருடன் வாழ்ந்தது என்பது போன்ற கேள்விகளே வரவின் அளவைத் தீர்மானிக்கும்.

2. தயாரிப்பு: சான்று பெற்ற தன்னார்வலர் விவரங்களை மென்பொருளில் பதிவார்.

3. தர ஆய்வு: தயாரித்தவர் அல்லாத, சான்று பெற்ற இன்னொருவர் அடையாள அட்டை முதல் வங்கிக் கணக்கு எண் வரை மீண்டும் சரிபார்ப்பார். அதன் பிறகே கையொப்பம் பெறப்படும்.

தன்னார்வலர் ஆண்டுதோறும் நன்னடத்தை, நேர்காணல், வரிச்சட்டம் ஆகியவற்றில் தேர்வு எழுத வேண்டும். புத்தகத்தைப் பார்த்தே விடையளிக்கலாம். ஆனால் 80 விழுக்காடு பெற்றாக வேண்டும். வந்தவரிடம் பணமோ அன்பளிப்போ வாங்கக் கூடாது.

வரம்புகளும் பொறுப்பும்

வீட்டு வாடகை வருமானம், தேய்மானக் கணக்கு, நட்டத்தில் நடக்கும் சொந்தத் தொழில் முதலியவற்றை மையங்கள் பொதுவாக ஏற்பதில்லை. பயிற்சிக்கு அப்பாற்பட்டதைச் செய்ய மறுப்பது விதியாகும். அது தன்னார்வலரின் குறையன்று.

தயாரித்துக் கொடுப்பவர் யாராயினும், கணக்கின் உண்மைக்குப் பொறுப்பு கையொப்பமிடுபவரையே சேரும். விதியைப் பொருட்படுத்தாமல் உழைப்பு வருமான வரி வரவைத் தவறாகக் கோரியவருக்கு 2 ஆண்டுகளும், மோசடி செய்தவருக்கு 10 ஆண்டுகளும் அந்த வரவு மறுக்கப்படும். குறைந்த வருமானக் குடும்பத்திற்கு இது பேரிழப்பு. அனுபவம் குறைந்த மாணவரை நம்பி இப்பணியை ஒப்படைக்க முடிவதற்குக் காரணம், மேற்கண்ட நேர்காணலும் இரண்டாமவரின் ஆய்வும் கட்டாயமாக இருப்பதே.

அயல்நாட்டு மாணவர்கள்

தமிழ்நாட்டிலிருந்து அங்கு படிக்கச் செல்வோருக்கும் இது தொடர்புடையது. எஃப்-1 விசா மாணவர்கள் பொதுவாக முதல் ஐந்து நாட்காட்டி ஆண்டுகள் வரி நோக்கில் குடியிருப்போர் ஆகமாட்டார்கள். அவர்களுக்கு உரியது 1040-என்ஆர் படிவம். வருமானமே இல்லாவிட்டாலும் 8843 படிவத்தை அனுப்ப வேண்டும். இந்திய – அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 21-ஆம் பிரிவுப்படி, பிற நாட்டு மாணவர் பலருக்கு இல்லாத நிலையான கழிவை இந்திய மாணவர் கோரலாம். எல்லா மையங்களும் இதைச் செய்வதில்லை. அயல்நாட்டு மாணவர் பிரிவில் தனிச் சான்று பெற்ற தன்னார்வலர் உள்ளாரா என முன்னரே கேட்டறிய வேண்டும்.