வழுக்கவும் வேண்டும், பிடிக்கவும் வேண்டும்

எஞ்சின் ஒயில் மாற்றும் திகதியைத் தவறாமல் குறித்துவைக்கும் பல வீடுகளில், கியர்ப்பெட்டிக்குள்ளும் ஓர் எண்ணெய் இருக்கிறது என்ற நினைவே இருப்பதில்லை. அது பழுதானால் எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியாது. முதலில் அறிவது சாரதியின் இடது கை அல்லது வலது கைதான். கியர் கோல் மரத்துப்போனது போல் நகரும். சில வேளை 'கர்ர்' என்று பல்லைக் கடிக்கும்.

இதை விளக்க மஸ்டா எம்.எக்ஸ்-5 என்ற ஸ்போர்ட்ஸ் காரை எடுத்துக்கொள்வோம். 1989இல் விற்பனைக்கு வந்த, இரண்டே இருக்கைகள் கொண்ட ஜப்பானியக் கார் அது. எஞ்சின் முன்னால், உந்துவிசை பின்சில்லுகளுக்கு. வலுவில் அது பெரிய வீரன் அல்ல; குறுகிய தூரமே அசையும் அதன் கியர் கோலுக்காகவே அதை விரும்பியவர்கள் அதிகம். முதல் தலைமுறைக் கார்கள் இன்று முப்பது வயதைத் தாண்டிவிட்டன. குளிர்நாடுகளில் அவற்றை வைத்திருப்போரின் பழைய முறைப்பாடு ஒன்றுண்டு: காலையில் முதல் சில நிமிடங்களுக்கு இரண்டாம் கியர் விழ மறுக்கிறது.

ஏன் இரண்டாம் கியர்? பௌதிகவியல் படிக்கும் மாணவிகள் கணக்கிட்டே பார்க்கலாம். 1.6 லீற்றர் எஞ்சின் கொண்ட அக்காரில் முதலாம் கியரின் விகிதம் 3.136, இரண்டாவது 1.888, மூன்றாவது 1.330, நான்காவது 1.000. எஞ்சின் நிமிடத்துக்கு 6000 தடவை சுழலும்போது முதலாவதிலிருந்து இரண்டாவதுக்கு மாற்றினால், அதே வேகத்தில் ஓட 3600 சுழற்சிகளே தேவை. குறைய வேண்டியது 2400. மூன்றிலிருந்து நான்குக்குப் போகும்போது குறைய வேண்டியது ஏறத்தாழ 1500தான். கிளச்சை மிதித்து எஞ்சினைப் பிரித்துவிட்டாலும், கிளச் தட்டும் பெட்டிக்குள் உள்ள தண்டுகளும் சடத்துவத்தால் சுழன்றுகொண்டே இருக்கும். அவற்றை யாராவது நிறுத்திப் பிடித்து வேகத்தைக் குறைக்க வேண்டும்.

அந்த வேலையைச் செய்வது கைவளையல் அளவுள்ள ஒரு பித்தளை வளையம். 'சின்க்ரோ வளையம்' என்பார்கள். கியர் மாற்றும்போது பற்சில்லுகள் புதிதாகப் போய் ஒன்றோடொன்று சேர்வதில்லை; அவை எப்போதும் கோத்தபடியே சுழல்கின்றன. எந்தச் சில்லு தண்டோடு பூட்டப்படுகிறது என்பதே மாறுகிறது. பூட்டுவதற்கு முன் இரண்டும் ஒரே வேகத்துக்கு வர வேண்டும். வளையம் சில்லின் கூம்பு வடிவ முகத்தை அழுத்தி, உராய்வினால் அதை அந்த வேகத்துக்குக் கொண்டுவருகிறது. உண்மையில் அது ஒரு சின்ன பிரேக்.

சிக்கல் இங்கேதான். பற்களுக்கு எண்ணெய் வழுக்க வேண்டும், இல்லாவிட்டால் அவை தேயும். அதே எண்ணெயில் நனைந்திருக்கும் வளையத்துக்கோ உராய்வு வேண்டும், இல்லாவிட்டால் பிடிக்காது. ஒரே எண்ணெயிடம் இரண்டு எதிரெதிரான வேலைகள்! வளையத்தின் உட்புறத்தில் உள்ள நுண்ணிய வரிப்பள்ளங்கள் எண்ணெய்ப் படலத்தை வெட்டி ஒதுக்கி இதைச் சமாளிக்கின்றன. குளிரில் எண்ணெய் தடித்துவிட்டால் படலம் விரைவாக விலகாது. வளையம் பிடிக்கத் தாமதிக்கும். சூடேறியதும் கியர் தானாக இளகுவதற்குக் காரணமும் இதுவே.

ஆகவே 'விலை கூடியது, பலமானது' என்று கேட்டு வாங்கும் பொருள் அல்ல இது. பேணியில் ஜீ.எல்-4, ஜீ.எல்-5 என்று தரக்குறி இருக்கும். ஜீ.எல்-5 பெரிதும் பின்னச்சில் உள்ள டிஃபரன்ஷலுக்காக உருவானது. அங்கே பற்கள் ஒன்றன்மேல் ஒன்று கடுமையாக உரசிச் சறுக்குவதால் கந்தகம், பொசுபரசு கலந்த சேர்மானம் ஜீ.எல்-4இல் உள்ளதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு சேர்க்கிறார்கள். உருக்கைக் காக்கும் அச்சேர்மானங்களில் சில, வெப்பத்தில் பித்தளையை அரிக்கும். இரு தரத்துக்கும் பொருந்தும் எண்ணெய்களும் உண்டு. தீர்ப்புச் சொல்ல வேண்டியது வாகனத்தின் கைந்நூல், கடைக்காரர் அல்ல. ஒரே பேணியிலிருந்து கியர்ப்பெட்டிக்கும் பின்னச்சுக்கும் ஊற்றும் பழக்கம் எனக்குச் சரியாகப் படவில்லை.

அடுத்தது பிசுக்குமை. 75டபிள்யூ-90 என்பதில் முதற்பகுதி குளிரில் எண்ணெய் எப்படி ஓடும் என்பதையும், 90 என்பது 100 பாகை செல்சியஸில் அதன் தடிப்பையும் குறிக்கும். எஞ்சின் ஒயிலின் அளவுகோல் வேறு. கியர் ஒயிலின் 90, எஞ்சின் ஒயிலின் 40க்கும் 50க்கும் அண்மித்ததே. எண்ணைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை.

மாற்றும் வேலை கடினமல்ல. சிறிது தூரம் ஓட்டிச் சூடாக்கி, காரை நான்கு தாங்கிகளில் மட்டமாக நிறுத்த வேண்டும். ஜாக்கை மட்டும் நம்பி எவரும் காருக்குக் கீழே போகக்கூடாது. பின்னர் ஒரு முக்கிய ஒழுங்கு: பக்கவாட்டில் உள்ள நிரப்பும் துளையின் மூடியை முதலில் திறக்க வேண்டும். அது இறுகித் திறக்காமல் இருக்க, அடிமூடியைக் கழற்றி எண்ணெயை வடித்துவிட்டால் காரை அசைக்கவே முடியாது. வடியும் எண்ணெயைக் கவனியுங்கள். சாம்பல் நிறப் பசை வழமையான தேய்மானம். மஞ்சள் மினுக்கம் பித்தளையிலிருந்து வந்தது. உருக்குத் துண்டுகள் இருந்தால் உள்ளே ஏதோ உடைந்திருக்கிறது. அடிமூடியைப் புதிய வளையத்துடன் இறுக்கி, நிரப்பும் துளையின் விளிம்பில் வழியும்வரை புது எண்ணெய் விட வேண்டும். இக்காருக்கு ஏறத்தாழ 2 லீற்றர். பழைய எண்ணெயைக் கானில் ஊற்றாமல் சேவை நிலையத்தில் ஒப்படையுங்கள்.

எம்.எக்ஸ்-5இல் பலர் விட்டுவிடும் ஓரிடம் கியர் கோலின் அடி. அங்குள்ள சிறு கிண்ணத்தில் தனியாகக் கொஞ்சம் எண்ணெய் உண்டு. அதுவும் வற்றிப்போயிருக்கும்; மேலுள்ள றப்பர் உறையும் கிழிந்திருக்கும். இரண்டையும் புதுப்பித்தால் கோலின் அசைவிலேயே வித்தியாசம் தெரியும்.

புது எண்ணெய்க்குப் பிறகும், சூடான பெட்டியிலும் இரண்டாம் கியர் மட்டும் கடித்தால் வளையம் தேய்ந்துவிட்டது. பெட்டியை இறக்கித்தான் ஆக வேண்டும். எல்லாக் கியரும் கடிப்பதாக இருந்தால் கிளச்சைச் சந்தேகிக்கலாம். நின்ற காரில் கிளச்சை முழுதாக மிதித்து, சில வினாடிகள் பொறுத்து, பின்னோக்கும் கியரைப் போட்டுப் பாருங்கள். அப்போதும் கடித்தால் கிளச் சரியாக விடுபடவில்லை. அதை இயக்கும் சிலிண்டரில் திரவம் கசிகிறதா என்று பார்ப்பதே அடுத்த வேலை.