முகம் இல்லாத மேகங்கள்

1922-ஆம் ஆண்டுக் கோடை. நியூயார்க் மாநிலத்தின் ஜார்ஜ் ஏரிக்கரையில் ஆல்ஃபிரட் ஸ்டீக்ளிட்ஸின் குடும்பப் பண்ணை வீடு. தாய் ஹெட்விக் சாவை நெருங்கிக்கொண்டிருந்தார். சுற்றிலும் செஸ்ட்நட் மரங்கள் பட்டுக்கொண்டிருந்தன. 37 வயதுக் கிழட்டுக் குதிரை ஒன்றை 70 வயது வண்டிக்காரர் எப்படியோ உயிரோடு வைத்திருந்தார். அமெரிக்காவின் புகழ்பெற்ற ஒளிப்படக் கலைஞரான ஸ்டீக்ளிட்ஸ், அந்தக் கோடையில்தான் கேமராவை வானத்தை நோக்கித் திருப்பினார்.

துக்கம் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. எதிரே உட்காரும் மனிதர்களை வசியம் செய்வதால்தான் அவர் படங்கள் நன்றாக வருகின்றன என்று ஒரு விமர்சகர் எழுதியிருந்தார். மேகத்தை யார் வசியம் செய்ய முடியும்? ரோஷமும் சேர்ந்துகொண்டது.

வானத்தைப் படமெடுப்பது அன்று லேசான காரியமல்ல. பழைய ஒளிப்படத் தகடுகளின் ரசாயனப் பூச்சு நீல ஒளிக்கு மிக அதிகமாக மசியும். நீல வானமும் வெள்ளை மேகமும் ஒரே அளவு வெளுத்துப்போகும்; படத்தில் வானம் இருக்கும் இடம் வெற்றுத் தாளாகத் தெரியும். எல்லா நிறங்களையும் உணரும் பான்குரோமேட்டிக் பூச்சு பரவிய பிறகு நிலைமை மாறியது. லென்ஸுக்கு முன் மஞ்சள் அல்லது சிவப்பு வடிகட்டியைப் பொருத்தினால் நீலம் கறுக்கும், மேகம் துலங்கும்.

அம்மா அந்த ஆண்டே இறந்தார். ஸ்டீக்ளிட்ஸ் மேகங்களை விடவில்லை, 1930-களிலும் எடுத்துக்கொண்டிருந்தார். 200-க்கும் அதிகமான படங்கள், பலவும் உள்ளங்கை அளவே. 1925 முதல் அவற்றுக்கு அவர் இட்ட பெயர் ‘ஈக்விவலன்ட்ஸ்’: தன் மனநிலைக்கு ஈடானவை என்று பொருள். பெரும்பாலான படங்களில் அடிவானம் கிடையாது. மேல் எது, கீழ் எது என்று பார்ப்பவர் திணறுவார். அம்மாவின் சாயல் எங்கும் இல்லை.

இது சற்று வியப்பானதுதான். மேகத்தில் முகம் பார்ப்பது மூளைக்குத் தண்ணீர் பட்ட பாடு. இரண்டு புள்ளி, கீழே ஒரு கோடு இருந்தால் போதும். ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு கழிவதற்குள் முகம் என்று பதிவாகிவிடும். இதற்குப் பெயர் பேரிடோலியா. 1976-இல் வைகிங் 1 விண்கலம் அனுப்பிய படத்தில் செவ்வாயின் குன்று ஒன்று மனித முகமாய்த் தெரிந்தது; 2001-இல் துல்லியமான படம் வந்தபோது அது வெறும் குன்றாகவே இருந்தது. இந்தப் பழக்கத்தைக் காசாக்கியவர்களும் உண்டு. 1860-களில் பாஸ்டனின் வில்லியம் மம்லர், இறந்தவரின் மங்கலான உருவம் பின்னால் நிற்பதுபோல் படம் எடுத்து விற்றார். மோசடி வழக்கில் தப்பினார் என்பது தனிக்கதை.

ஆனால் பிரிந்தவரை உணர முகம் தேவையா? வேல்ஸ் நாட்டு மருத்துவர் டெவி ரீஸ், துணையை இழந்த 293 பேரிடம் பேசி, 1971-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார். ஏறக்குறைய பாதிப் பேருக்கு இறந்தவர் தொடர்பான ஏதோ ஓர் அனுபவம் இருந்தது. உருவத்தைக் கண்டவர்கள் 14 சதவீதம், குரலைக் கேட்டவர்கள் 13. அருகில் இருப்பதாக உணர்ந்தவர்களோ 39 சதவீதம். பெரும்பாலானோர் இதை அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. பலருக்கு அது ஆறுதலாகவே இருந்தது.

நம் வீடுகளில் இதைச் சொல்லத் தயக்கமே இல்லை. அமாவாசையன்று மொட்டைமாடிச் சுவரில் சோற்றை வைத்துவிட்டுக் “கா... கா...” என்று அழைக்கிறவர்கள், வருகிற காகத்தில் அப்பாவின் மூக்கையோ கண்ணையோ தேடுவதில்லை. வந்தால் போதும். இப்போது அந்தக் காகத்தைக் கைபேசியில் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார்கள். சிறகு கலங்கி, பாதிச் சோறு மட்டும் துலக்கமாக விழுந்த படம். துபாயிலிருந்து அண்ணன் கேட்கிறார்: “சாப்பிட்டாரா?”