வேகத்தைக் குறைத்தால் மின்சாரம் மிச்சமாகுமா?

கொல்லிமலைக்குப் பேருந்தில் சென்றிருக்கிறீர்களா? அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்க வேண்டும். ஏற்றத்தில் ஓட்டுநர் ஆக்சிலரேட்டரை அழுத்துகிறார். இறக்கத்தில் காலை எடுத்துவிடுகிறார். எப்போதும் அழுத்திக்கொண்டே இருந்தால் டீசல் வீண்தானே! மடிக்கணினியின் செயலியும் இவ்வாறே வேலைப் பளுவுக்கு ஏற்ப வேகத்தைக் கூட்டிக் குறைக்கிறது.

தமிழக அரசு 2011-இல் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. கொல்லிமலையிலுள்ள அரசுப் பள்ளி மாணவர்களுக்கும் அது கிடைத்தது. மலையில் மழை நாளன்று மரம் விழுந்து மின்கம்பி அறுந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். மின்சாரம் திரும்பும்வரை பாட்டரியில் இருப்பதே கையிருப்பு. அதை எப்படிச் சிக்கனமாகச் செலவிடுவது?

செயலிக்குள் இருக்கும் டிரான்சிஸ்டர்கள் ஒவ்வொரு துடிப்பிலும் நுண்ணிய மின்தேக்கிகளைப் போல மின்னேற்றம் பெற்று இழக்கின்றன. இதற்குச் செலவாகும் திறன், துடிப்பின் அதிர்வெண்ணுக்கு நேர்விகிதத்தில் இருக்கும். மின்னழுத்தத்தின் இருமடிக்கும் நேர்விகிதத்தில் இருக்கும். வேகம் குறைந்தால் குறைந்த மின்னழுத்தமே போதும். ஆகவே லாபம் இரட்டிப்பாகிறது.

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். 2003-இல் வெளிவந்த பென்டியம் எம் செயலி ஒன்று 1,600 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் 1.484 வோல்ட் அழுத்தத்தில் இயங்கியது. திறன் சுமார் 24.5 வாட். வேகம் 600 மெகாஹெர்ட்ஸாகக் குறைந்தபோது 0.956 வோல்ட் போதுமானதாயிற்று. திறன் சுமார் 6 வாட். நமது விதிப்படி கணக்கிட்டால் 4 வாட்டுக்கும் சற்றுக் குறைவாக வரும். ஏன் இந்த வேறுபாடு? டிரான்சிஸ்டர் சும்மா இருக்கும்போதும் சிறிதளவு மின்சாரம் கசிகிறது என்பது ஒரு காரணம்.

அப்படியானால் எப்போதும் மெதுவாக ஓட்டுவதே நல்லதா? கணக்குப் போடுவோம். முழு வேகத்தில் 60 விநாடியில் முடியும் வேலை, 600 மெகாஹெர்ட்ஸில் 160 விநாடி எடுக்கும். செயலிக்கு மட்டும் ஆகும் ஆற்றல் முறையே 1,470 ஜூல், 960 ஜூல். மெதுவான வேகமே வென்றது! ஆனால் திரையும் பிற பகுதிகளும் 10 வாட் எடுப்பதாகக் கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் கணினியை மூடிவிடுவீர்களானால் மொத்தக் கணக்கு 2,070 ஜூலும் 2,560 ஜூலும் ஆகிறது. இப்போது விரைவாக முடிப்பதே லாபம்! மாறாக, கணினி எப்படியும் திறந்தே இருக்குமானால் திரையின் செலவு இரு பக்கமும் சமம். அப்போது நிதானமே நன்று.

இதை விநாடிதோறும் நாம் முடிவு செய்ய இயலாது. அதற்கென்றே லினக்ஸ் இயங்குதளத்தில் 'கவர்னர்' என்னும் நிரல்கள் உள்ளன. நீராவி எஞ்சினின் வேகத்தைச் சீராக்க ஜேம்ஸ் வாட் 1788-இல் பொருத்திய கருவிக்கும் இதே பெயர்தான். இன்டெல் பொறியாளர் வெங்கடேஷ் பள்ளிபாடியும் துணைவர்களும் உருவாக்கிய 'ஆன்டிமாண்ட்' கவர்னர் 2004-இல் லினக்ஸில் சேர்ந்தது. செயலி எவ்வளவு நேரம் வேலையில் மூழ்கியிருக்கிறது என்பதை அது அடிக்கடி அளக்கும். பளு குறிப்பிட்ட வரம்பை, தொடக்கத்தில் 80 விழுக்காட்டை, மீறினால் உடனே முழு வேகத்துக்குத் தாவும். குறைந்தால் தேவையான அளவுக்கு இறங்கும்.

இந்த வரம்பை மாற்றி அமைக்கலாம். அதைத் தாழ்த்தினால் கணினி சுறுசுறுப்பாகும், ஆனால் பாட்டரி விரைவில் தீரும். மிக உயர்த்தினால் பாட்டரி நீடிக்கலாம், ஆனால் நம் பொறுமை தீரும்! அளக்கும் இடைவெளியிலும் கவனம் தேவை. நீண்ட இடைவெளி விட்டால் கணினி தாமதமாக விழித்துக்கொள்ளும். மிக அடிக்கடி அளந்தால் அளப்பதே ஒரு வேலையாகிவிடும். இன்றைய செயலிகள் பலவற்றில் இந்த முடிவின் பெரும்பகுதியைச் செயலியே எடுத்துக்கொள்கிறது.

நமக்குரிய பங்கு எளியது. திரையின் ஒளியைக் குறையுங்கள். தேவையற்ற நிரல்களை நிறுத்துங்கள். வேலை முடிந்ததும் கணினியை மூடிவிடுங்கள். திரை 10 வாட்டுக்குப் பதில் 3 வாட் எடுத்தால் மேற்கண்ட பந்தயத்தில் எது வெல்லும்? கணக்கிட்டுப் பாருங்கள்.