25 பேருக்கு ஒருவர்

வேடசந்தூர், வடமதுரை, நிலக்கோட்டை என்று திண்டுக்கல்லைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் நூற்பாலை ஒன்று கண்ணில் படும். விடியற்காலையில் முதல் ஷிஃப்டுக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு மில் பஸ்கள் போகும். மில்லிலும் ஆயத்த ஆடை ஆலையிலும் மெஷின் முன்னால் இருப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களை வேலை வாங்கும் சூப்பர்வைசர்களில் பெரும்பாலோர் ஆண்கள். பணியிடத்தில் பெண்களைத் தலைமைக்குக் கொண்டுவரவேண்டும் என்று பேசுகிற யாரும் இந்த ஏற்பாட்டைத் தொடாமல் தாண்ட முடியாது. தொட்டுப் பார்த்த ஓர் ஒப்பந்தம் இந்த ஊரின் பெயரிலேயே உலகத் தொழிற்சங்கங்களுக்குத் தெரிந்திருக்கிறது: திண்டுக்கல் ஒப்பந்தம்.

அதற்குப் பின்னால் ஓர் உயிரிழப்பு இருக்கிறது. 2021 ஜனவரியில், திண்டுக்கல் மாவட்டத்தில் உள்ள நாச்சி அப்பேரல் ஆலையில் வேலை பார்த்த இளம் தலித் பெண் ஒருவர் கொல்லப்பட்டார். அதே ஆலையின் சூப்பர்வைசர் கைதானார். அந்தப் பெண் பல மாதங்களாகத் தொந்தரவுக்கு ஆளாகியிருந்தார் என்று குடும்பத்தினரும் உடன் வேலை செய்தவர்களும் சொன்னார்கள். நியாயம் கேட்டு முன்னால் நின்றது, 2013-இல் தொடங்கிய டிடிசியு என்கிற தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம். பெண்கள் தலைமையில் இயங்கும் இந்தச் சங்கத்தில் தலித் பெண்களே பெரும்பான்மை. அதன் தலைவர் திவ்யராகினி.

2022 ஏப்ரலில் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆலையை நடத்தும் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் ஒரு பக்கம். டிடிசியு, ஆசிய அடிப்படை ஊதியக் கூட்டணி, அமெரிக்காவின் குளோபல் லேபர் ஜஸ்டிஸ் ஆகியவை மறுபக்கம். இங்கே தைத்த துணியை வாங்கி விற்கிற எச்&எம் நிறுவனமும், பிறகு கேப், பிவிஎச் நிறுவனங்களும் சட்டப்படி கட்டுப்பட்ட தரப்புகளாகச் சேர்ந்தன. முக்கியமான முடிச்சு இதில்தான் இருக்கிறது. ஆலை சொன்னபடி நடக்காவிட்டால் அதன் ஆர்டரே பாதிக்கப்படும். தையல் ஆலையும் நூற்பாலையுமாக 5,000-க்கு மேற்பட்ட தொழிலாளர்கள் இதன் வரம்புக்குள் வந்தார்கள்.

தலைமை என்ற பேச்சுக்கு இந்த ஒப்பந்தம் கொடுத்த விடை ‘ஷாப் ஃப்ளோர் மானிட்டர்’. ஏறத்தாழ 25 தொழிலாளர்களுக்கு ஒருவர் என்ற கணக்கில், தொழிலாளர்களிலிருந்தே சங்கம் ஆட்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி தரும். அவர் தன் மெஷினை விட்டு எங்கும் போவதில்லை. டைலராகவோ செக்கராகவோ ஹெல்பராகவோ தன் வேலையைச் செய்துகொண்டேதான் கண்காணிக்கிறார்.

ஒரு தையல் லைனை நினைத்துப் பாருங்கள். கழுத்துப் பட்டி வைப்பவர், கை கூட்டுபவர், ஓரம் மடிப்பவர் என்று வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவரிடம் வேலை தேங்கினால் அடுத்தவருக்குப் பீஸ் வராது. மணிக்கு இத்தனை பீஸ் என்று போர்டில் எழுதியிருக்கும் எண்ணிக்கை குறைந்தால், சூப்பர்வைசரின் குரல் உயரும். முதலில் அதட்டல், அப்புறம் கெட்ட வார்த்தை, அப்புறம் தோளைத் தட்டுவதுபோல ஒரு தொடுகை. பாலியல் தொந்தரவு பல ஆலைகளில் இப்படி டார்கெட்டின் மறைவில்தான் நுழைகிறது. வாய் திறந்தால் வேலை போய்விடும் என்பதால் பக்கத்து மெஷின்காரர் தலை நிமிர மாட்டார். மானிட்டர் அங்கே தலை நிமிர வேண்டியவர். தொந்தரவு கெட்ட வார்த்தையாக இருக்கும்போதே அவர் அதைப் புகாராக எடுத்து நிர்வாகத்தின் முன் வைக்கலாம். அதற்காக அவரையோ புகார் சொன்னவரையோ பழிவாங்கக்கூடாது என்று ஒப்பந்தமே காப்பு தருகிறது. சாதியைச் சொல்லி இழிவுபடுத்துவதும், வெளிமாநிலத் தொழிலாளி என்று ஒதுக்குவதும் இதே தடைக்குள் அடங்கும்.

ஒப்பந்தத்தின் முதலாண்டு அறிக்கையில் 185 புகார்கள் பதிவாயின. அவற்றில் மிகப் பெரும்பாலானவை தீர்த்துவைக்கப்பட்டன. புகார் கூடினால் ஆலையின் பெயர் கெடும் என்று நம் முதலாளிகள் அஞ்சுகிறார்கள். என் கருத்தில், புகாரே வராத ஆலைதான் அஞ்சத்தக்கது. ஒப்பந்தத்தால் ஆலைக்கும் பலன் இருந்தது. 2022 ஜூலையில் நாச்சி ஆலையின் துணிகளுக்கு அமெரிக்கச் சுங்கத்துறை கட்டாய உழைப்புக் குற்றச்சாட்டின் பேரில் தடை போட்டது. செப்டம்பரிலேயே அந்தத் தடை விலக இந்த ஒப்பந்தம் கைகொடுத்தது.

பெண்கள் முன்னேற்றம் என்று நிறுவனங்கள் நடத்தும் ஒருநாள் பயிலரங்குகளில் தன்னம்பிக்கை, பேச்சுத்திறன் எல்லாம் சொல்லித் தருகிறார்கள். வேண்டியதுதான். ஆனால் பேசினால் கேட்கவேண்டிய கடமை எதிரில் இருப்பவருக்கு இல்லை என்றால் அந்தத் திறனை எங்கே கொண்டுபோய்ப் பயன்படுத்துவது? திண்டுக்கல்லில் பேசும் உரிமையும் பாதுகாப்பும் பயிற்சியோடு சேர்ந்தே வந்தன. அதனால்தான் தலைமை பழக்கத்துக்கு வந்தது.

இதற்கு அடுத்த படி சூப்பர்வைசர் நாற்காலி. வங்கதேசத்தில் ஐ.எல்.ஓ. என்ற சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் ஐ.எஃப்.சி. என்ற சர்வதேச நிதிக் கழகமும் சேர்ந்து ‘கியர்’ என்ற பெயரில் தையல்காரப் பெண்களுக்குச் சூப்பர்வைசர் பயிற்சி தருகின்றன. அந்நாட்டு ஆடை ஆலைகளில் ஆய்வாளர்கள் நடத்திய ஒரு சோதனையில், புதிதாகப் பொறுப்பேற்ற பெண்களைத் தொடக்கத்தில் லைனில் இருந்தவர்களே குறைத்து மதிப்பிட்டார்கள். சில மாதங்கள் சேர்ந்து வேலை செய்தபின் அந்த வித்தியாசம் மறைந்தது. பதவி உயர்வு கொடுத்த முதல் மாதத்திலேயே ‘சரிப்பட்டு வரவில்லை’ என்று பெண்களைத் திரும்ப மெஷினுக்கு அனுப்புகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இப்படி ஓர் ஒப்பந்தம் இல்லாத ஆலைகளுக்கும் சட்டம் உண்டு. பணியிடப் பாலியல் தொந்தரவைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் எந்த இடத்திலும் உள்ளகக் குழு அமைக்க வேண்டும். அதன் தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும். உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்கள். வெளியிலிருந்து ஒருவர் கட்டாயம். சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் புகார் தரலாம். விசாரணையை 90 நாளில் முடிக்க வேண்டும். குழு அமைக்காத நிறுவனத்துக்கு ரூ.50,000 வரை அபராதம். பத்துப் பேருக்குக் குறைவாக வேலை பார்க்கும் பூட்டுப் பட்டறை, சிறு தையல் கூடம், கடை போன்ற இடங்களில் இருக்கும் பெண்கள் மாவட்ட அளவில் அமைக்கப்படும் உள்ளூர்க் குழுவிடம் நேரடியாகப் புகார் கொடுக்கலாம். வீட்டு வேலை செய்கிறவர்களுக்கும் அதே குழுதான்.