கோயிலுக்கு எதை உடுத்திப் போவது?

தலைப்பைப் பார்த்ததும், "இதையெல்லாம் அரங்கில் வைத்துப் பேச வேண்டுமா? உடுப்பில் என்ன இருக்கிறது?" என்று சிலருக்குத் தோன்றலாம். ஆனால் கிறிஸ்துவக் குடும்பங்கள் பலவற்றில் ஞாயிற்றுக்கிழமை காலையில் குரல் உயர்வது இந்த ஒரு விஷயத்துக்காகத்தான். மகன் ஜீன்ஸும் டீ-சட்டையும் போட்டுக்கொண்டு புறப்படுகிறான். "வேலைக்கு நேர்முகத் தேர்வு என்றால் இப்படிப் போவாயா?" என்கிறார் அப்பா. "கடவுள் என் சட்டையையா பார்க்கிறார்?" என்று மகன் கேட்கிறான். அதற்குள் பூசைக்கு நேரமாகிவிடுகிறது.

இங்கே கோயில் என்று நான் சொல்வது தேவாலயத்தைத்தான். தமிழ்க் கிறிஸ்துவர்கள் வீட்டில் பேசும்போது அப்படித்தான் சொல்வார்கள். கத்தோலிக்கர்களுக்குப் பூசை, மற்ற சபையினருக்கு ஆராதனை.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடலாம். கத்தோலிக்கத் திருச்சபையின் 1917ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பில், ஆண்கள் தலையில் எதுவும் அணியாமலும், பெண்கள் தலையை மூடி அடக்கமாக உடுத்தியும் கோயிலுக்கு வர வேண்டும் என்ற விதி இருந்தது. 1983ஆம் ஆண்டு வந்த புதிய தொகுப்பில் அந்த விதி இடம்பெறவில்லை. ஆகவே இன்று பெண்கள் முக்காடு போட்டே ஆக வேண்டும் என்று எந்தப் பாதிரியாரும் சட்டத்தைக் காட்டிச் சொல்ல முடியாது. ஆனாலும் நம் பாட்டிமார்கள் நற்கருணை வாங்க எழுந்தவுடன் சேலை முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொள்வார்கள். அதைச் சட்டத்துக்குப் பயந்து செய்வதாக நான் நினைக்கவில்லை. பெரியவர்கள் முன்னால் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிய சமுதாயம் நம்முடையது. மரியாதையை உடுப்பில் காட்டுவது நமக்குப் பழகிய வழக்கம். சேலைக்குப் பதில் பஞ்சாபி சூட் வந்தபோது முந்தானையின் வேலையைத் துப்பட்டா எடுத்துக்கொண்டது.

வேதாகமத்தை எடுத்துக்கொண்டால் இரண்டு பக்கத்துக்கும் ஆதாரம் கிடைக்கும். பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய முதல் கடிதத்தில் தலைமூடுவதைப் பற்றி நீளமாகப் பேசுகிறார். தீமோத்தேயுவுக்கு எழுதும்போது பொன், முத்து, விலையுயர்ந்த ஆடை வேண்டாம், அடக்கம் போதும் என்கிறார். அதே புதிய ஏற்பாட்டில் யாக்கோபின் நிருபம் இரண்டாம் அதிகாரத்தையும் பாருங்கள். பொன் மோதிரத்தோடும் பளபளப்பான உடுப்போடும் ஒருவர், அழுக்குத் துணியோடு ஓர் ஏழை, இரண்டு பேரும் சபைக்கு வருகிறார்கள். முன்னவருக்கு நல்ல இருக்கை கொடுத்துவிட்டு, பின்னவரை நிற்கச் சொன்னால் அது தவறு என்று யாக்கோபு கண்டிக்கிறார். உடை ஒழுங்கைப் பற்றிப் பேசுபவர்கள் பவுலை அடிக்கடி எடுத்துக்காட்டுவார்கள். யாக்கோபை எடுத்துக்காட்டுவோர் குறைவு.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு என்று தனியாக நல்ல உடுப்பு வைத்துக்கொள்ளும் பழக்கம் நம்மிடையே ஏன் இவ்வளவு ஆழமாக வேரூன்றியது? மலாயாத் தோட்டங்களை நினைத்துப் பாருங்கள். ரப்பர் பால் துணியில் பட்டுக் காய்ந்துவிட்டால் எவ்வளவு துவைத்தாலும் கறை போகாது, வாடையும் லேசில் போகாது. பால்வெட்டும் தொழிலாளிக்கு வேலை உடுப்பு வேறு, கோயில் உடுப்பு வேறு. பெட்டியில் மடித்து வைத்த அந்த ஒரு வேட்டியையோ சேலையையோ உடுத்தும்போதுதான், கங்காணிக்கும் துரைக்கும் கட்டுப்படாத மனிதராக அவர் தம்மைக் கண்டார். இதைப் பகட்டு என்று சொல்லிவிட முடியாது.

இதற்கும் முந்திய கதை ஒன்று உண்டு. இங்குள்ள தமிழ்க் கிறிஸ்துவக் குடும்பங்களில் நாகர்கோவில், திருநெல்வேலிப் பக்கத்தில் வேர் உள்ளவை பல. இளைய தலைமுறை அந்த ஊர்களின் வரலாற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. அங்கே நாடார் முதலிய சமூகத்துப் பெண்கள் உயர்சாதியினர் முன்னிலையில் மார்பை மூடக்கூடாது என்று வழக்கம் இருந்தது. மூடினால் அது மேல்சாதியாரை அவமதிப்பதாகக் கருதப்பட்டது. லண்டன் மிஷன் போதகர்களின் மனைவிமார் கிறிஸ்துவப் பெண்களுக்குக் குப்பாயம் என்ற தளர்வான மேற்சட்டையைத் தைக்கக் கற்றுக்கொடுத்தார்கள். பெண்கள் அதை அணிந்தார்கள். பலர் அதற்கு மேல் தோள்சீலையும் போட்டுக்கொண்டார்கள்.

விளைவு பயங்கரமாக இருந்தது. சந்தைகளிலும் தெருக்களிலும் பெண்களின் சீலை கிழிக்கப்பட்டது. சிற்றாலயங்களுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் தீ வைக்கப்பட்டது. 1820களில் ஒரு முறை, 1858, 1859ஆம் ஆண்டுகளில் மீண்டும் ஒரு முறை என்று கலவரம் வெடித்தது. கடைசியில் 1859 ஜூலையில் மன்னரின் பிரகடனம் வந்தது. நாடார் பெண்கள் எந்த மதத்தவரானாலும் குப்பாயம் அணியலாம், ஆனால் உயர்சாதிப் பெண்களைப் போல மேற்சீலை போடக்கூடாது என்றது அது. அனுமதியிலும் ஒரு நிபந்தனை! இதைத்தான் தோள்சீலைப் போராட்டம் என்கிறோம்.

கோயிலுக்கு முழுதாக உடுத்திப் போவது ஒரு காலத்தில் அடி வாங்கிப் பெற்ற உரிமை. பாட்டி தன் சேலையை அவ்வளவு கவனமாக மடிப்பு வைத்துக் கட்டுவதை இளையர்கள் கேலி செய்யும்போது எனக்கு இந்த வரலாறுதான் ஞாபகத்துக்கு வருகிறது.

ஒவ்வொரு சபைக்கும் தனி வழக்கம் இருக்கிறது. 1920களில் கொழும்பில் தோன்றிய பெந்தெகொஸ்தே மிஷன் சபையில் ஊழியர்கள் வெள்ளை மட்டுமே உடுத்துவார்கள்; நகை கூடாது. ஆனால் மற்றச் சபைகளில் திருமணத்துக்குப் போனால், சிலுவையோ புறாவோ பொறித்த தாலியும் பட்டுச் சேலையும் இல்லாமல் இருக்காது. பெரிய வெள்ளிக்கிழமையன்று சிலர் வெள்ளை உடுத்துவார்கள், சிலர் கறுப்பு. சிங்கப்பூரில் அன்று பொது விடுமுறை. தீபகற்ப மலேசியாவில் விடுமுறை இல்லை. ஆகவே அங்கே அலுவலகச் சீருடையிலும் தொழிற்சாலைச் சட்டையிலும் ஆராதனைக்கு வருபவர்களைக் காணலாம். துக்க நாளுக்கு அது பொருத்தமில்லை என்று யாரும் சொல்வதில்லை. ஜூலை மாதம் புக்கிட் மெர்த்தாஜாம் செயிண்ட் ஆன் திருவிழாவுக்குப் போய்ப் பாருங்கள். வெயிலில் வியர்க்க வியர்க்க, சிலிப்பரும் டீ-சட்டையுமாக, பல இன மக்களும் கையில் மெழுகுவர்த்தியோடு வருகிறார்கள்.

இனி நம் கோயில்களின் வாசலுக்கு வருவோம். தோள், முழங்கால் தெரியும் உடை வேண்டாம் என்று அறிவிப்பு வைப்பதில் எனக்கு மறுப்பில்லை. ரோமில் புனித பேதுரு பேராலயத்திலேயே அந்த விதி இருக்கிறது. கடற்கரைக்குப் போகும் குட்டைக் காற்சட்டையோடு பீடத்துக்கு முன்னால் நிற்பது பக்கத்தில் இருப்பவரின் கவனத்தைச் சிதறடிக்கும். மகனிடம் அப்பா அதைச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும்.

எனக்குக் கவலை வேறு. சிங்கப்பூரில் ஓஃபிர் சாலை லூர்து அன்னை தேவாலயம் 1888ஆம் ஆண்டு தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காகக் கட்டி முடிக்கப்பட்டது. தேக்காவுக்குப் பக்கத்தில் இருப்பதால், தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த தம்பிகளுக்கும் அது எட்டும் தூரம்தான். அவர்களில் சிலருக்கு ஞாயிற்றுக்கிழமையும் பாதி நாள் வேலை இருக்கும். விடுதிக்குப் போய்க் குளித்து உடை மாற்றிவிட்டு வந்தால் பூசை முடிந்துவிடும். அப்படி ஒருவர் எந்தக் கோயிலானாலும் பாதுகாப்புக் காலணியோடு தயங்கித் தயங்கி உள்ளே வந்தால், நம்மில் எத்தனை பேர் நகர்ந்து இடம் கொடுக்கிறோம்? வாசலில் நின்று வரவேற்பவர் ஒரு பார்வை பார்த்தாலே போதும், அடுத்த வாரம் அந்தத் தம்பி வரமாட்டார். அறிவிப்புப் பலகை அவரைத் தடுக்கவில்லை. தோளும் முழங்காலும் மூடித்தானே வந்தார்? நம் கண்தான் தடுத்தது.

ஆகவே சபைக் குழுவில் உடை பற்றிப் பேசும்போது, எந்த விதியைப் போட்டாலும், கையில் காசில்லாதவரும் வேலையிலிருந்து நேராக வருபவரும் அதைக் கடைப்பிடிக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். தோளை மூடு என்றால் முடியும். வாசலில் நாலு சால்வை மடித்து வைத்தால் தெரியாமல் வந்தவருக்கும் உதவும். சொல்ல வேண்டியதைப் பூசை முடிந்த பிறகு பொதுவாக அறிவிக்கலாம், அல்லது தனியாக அழைத்துச் சொல்லலாம். வாசலில், நாலு பேர் பார்க்க, குறிப்பாக ஓர் இளம்பெண்ணிடம் சொல்லவே வேண்டாம். இளையர்கள் கோயிலை விட்டுப் போவதற்கு ஆயிரம் காரணம் சொல்கிறார்கள். அதில் இதுவும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.